அரைமண்டியும் இடுப்பும்

அரைமண்டியை முழங்காலின் வேலை என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் தொடையெலும்பு இடுப்புக் குழியிலிருந்து வெளிப்புறமாகத் திரும்ப வேண்டும். அங்கே திரும்பாததைப் பாதத்தால் ஈடுகட்டினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். இடுப்பு முன்சரிந்தால் கீழ்முதுகு வளையும். பாலே நடனத்துக்கும் இதே விதிதான். அன்னா பாவ்லோவா குழுவின் கிளியோ நார்டியிடம் பாலே கற்ற ருக்மிணி தேவி, பின்னர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்று, 1936இல் அடையாறில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். இரு மரபுகளின் பயிற்சியையும் அறிந்த உடல் அவருடையது.

என் மகள் முன்பு பயின்ற வகுப்பில் "இன்னும் உட்கார்" என்ற அதட்டல் மட்டுமே கேட்கும். பதினோரு வயதில் முழங்கால் வலி. நடனத்தையே நிறுத்திவிடலாமா என்று யோசித்தோம். மயிலாப்பூரில் இப்போதைய ஆசிரியை அவள் இடுப்பில் கைவைத்து, "இங்கிருந்து திறம்மா, ஆழம் பிறகு வரும்" என்கிறார். அரைமண்டி உயர்ந்துவிட்டதே என்று உறவினர்கள் குறைப்படுகிறார்கள். தட்டடவை மூன்று காலத்திலும் ஆடி முடித்த பிறகும் அவள் முகம் சுளிப்பதில்லை.