எல்லாக் கட்டியும் ஒன்றல்ல

பாரிசவாதத்துக்கு அரபியில் ‘ஃபாலிஜ்’ என்று பெயர். இரண்டாகப் பிளத்தல் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது அது. நேற்றுவரை முழு மனிதராக நடமாடியவர் இன்று பாதியாகிக் கிடக்கிறார் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. பெரும்பாலும் இது மூளைக்குச் செல்லும் நாடியொன்றில் இரத்தக் கட்டி அடைத்துக்கொள்வதால் வருகிறது. சிலருக்கு நாடி வெடித்து இரத்தம் கசிவதாலும் வரும்.

என் ராத்தாவின் கணவர் வளைகுடா நாடொன்றில் தொழில் செய்துகொண்டிருந்தபோது இப்படித்தான் விழுந்தார். குழாய் விட்டுக் கட்டியை எடுக்க நான்கு தடவை முயன்றும் முழுதாக வரவில்லை. அதே வாரம் அங்கே சேர்க்கப்பட்ட இன்னொருவருக்கு ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அவர் நடந்தே வீடு போனார். “ஒரே ஆஸ்பத்திரி, ஒரே டொக்டர். மச்சானுக்கு மட்டும் ஏன் தம்பி இப்படி? நான் என்ன குற்றம் செய்தேன்?” என்று ராத்தா அழுதார். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இந்த விடயத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

1995இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, நோய் தொடங்கி 3 மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினால் பலன் உண்டென்று காட்டியது. பின்னர் அந்த எல்லை நாலரை மணி நேரமாக நீண்டது. நெதர்லாந்திலும் வேறு நாடுகளிலும் நடந்து 2015இல் வெளியான ஆய்வுகள், பெரிய நாடி அடைபட்டவர்களுக்குத் தொடைச் சந்து வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கம்பி வலையால் கட்டியைப் பிடித்திழுப்பது நல்ல பலன் தருமென்று நிறுவின. 2018 முதல், ஸ்கேன் பார்த்துத் தெரிவு செய்யப்படும் சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் இதைச் செய்கிறார்கள்.

அப்படி இழுத்தெடுத்த கட்டிகளை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று தெளிவானது: எல்லாக் கட்டியும் ஒன்றல்ல. சிலவற்றில் செங்குழியங்கள் நிறைந்திருக்கும். குர்பான் நாளில் முற்றத்தில் உறைந்து கிடக்கும் இரத்தம் போல அவை மென்மையானவை. மருந்துக்கு இளகும், வலையில் எளிதாகச் சிக்கும். வேறு சிலவற்றில் பைபிரின் என்னும் நாரும் குருதிச் சிறுதட்டுகளும் மிகுந்திருக்கும். அவை திரித்த தும்பு போல இறுகி, நாடிச் சுவரை உரசிப் பிடித்துக்கொள்ளும். இழுக்கும்போது வலை நழுவும். மீண்டும் மீண்டும் முயல வேண்டிவரும். இன்னும் சிலவற்றில் வெண்குழியங்கள் வீசிய மரபணு இழைகளும் பின்னிக் கிடக்கும். பைபிரினைக் கரைக்கும் மருந்து அந்த இழைகளைத் தொடாது.

செங்குழியம் மிகுந்த கட்டி ஸ்கேனில் பளிச்சென்று வெண்மையாகத் தெரிவதுண்டு. அதைக் கொண்டு டொக்டர்கள் ஓரளவு ஊகிக்கிறார்கள். ஆனால் வெளியே எடுக்கும்வரை உறுதியாகச் சொல்ல முடியாது.

ராத்தாவிடம் இதையெல்லாம் விளக்கி, “மச்சானின் நாடியில் இருந்தது இறுகிய கட்டியாக இருந்திருக்கலாம். அது உங்கள் குற்றமுமல்ல, டொக்டரின் கைராசியுமல்ல” என்றேன். நோயைப் பாவத்தின் சம்பளமாக எண்ணித் தம்மையே வதைத்துக்கொள்ளும் பெண்கள் நம்மிடையே எத்தனை பேர்!

கட்டியின் தன்மை நம் கையில் இல்லை. நேரம் ஓரளவு இருக்கிறது. நேரம் செல்லச் செல்லக் கட்டி சுருங்கி இறுகும். பெரிய நாடி அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆகவே சகோதரிகளே, வாய் ஒருபக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, உடனே மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான். ஓதிப் பார்க்கச் சொல்லி என்னைப் போன்றோரிடம் நோயாளியைத் தூக்கி வருகிறார்கள். துஆவை வாகனத்தில் போகும்போதே ஓதலாம். ஓதிய தண்ணீரானாலும் வாயில் ஊற்றாதீர்கள்; விழுங்க முடியாதவருக்கு அது சுவாசப்பைக்குள் போய்விடும். அஸ்பிரினும் கொடுக்காதீர்கள், அடைப்பா, இரத்தக்கசிவா என்பதை ஸ்கேன்தான் சொல்லும். முதலில் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்பியூலன்ஸ் இலவசமாகவே வரும்.