திமிங்கில வாலும் ஒரே பட்டமும்

பாஸ்டனிலிருந்து காரில் ஐந்து மணி நேரம் வடக்கே போனால் மெய்ன் மாநிலத்துக் கடற்கரையில் ஒரு சின்னப் பாலம். அதைத் தாண்டினால் மவுண்ட் டெசர்ட் தீவு: ஊசியிலைக் காடு, கிரானைட் பாறை, அப்பால் அட்லாண்டிக். வருகிறவர்களில் பலர் காடிலாக் மலையுச்சியில் சூரிய உதயம் பார்க்க வருகிறார்கள். நான் போனது தீவிலுள்ள பார் ஹார்பர் ஊரில் கடலை ஒட்டி நிற்கும் ஒரு கல்லூரியைப் பார்க்க.

பெயர் காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக். 1969-இல் நிறுவப்பட்டது; 1972-இல் 32 மாணவர்களோடு வகுப்புகள் தொடங்கின. இன்றைக்கும் சுமார் 350 பேர்தான். துறைகள் கிடையாது, மேஜர் எனப்படும் முதன்மைப் பாடமும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே பட்டம், மனிதச் சூழலியல். இஷ்டம்போல் படிக்கலாம் என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு பட்டத்தை நீட்டுகிறார்களே என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. சுற்றிப் பார்த்தபின் சூட்சுமம் பிடிபட்டது. பட்டத்தின் பெயர் பொதுவாகிவிட்டதால், அதற்குள் எதை நிரப்புவது என்ற கேள்வியிலிருந்து யாரும் நழுவ முடியாது.

கல்லூரியின் கடல் பாலூட்டி ஆய்வுக்குழுவுக்கு அல்லைடு வேல் என்று பெயர். அங்கே மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி கறுப்பு வெள்ளைப் படங்களைப் பரப்பி வைத்திருந்தாள். எல்லாம் கூன்முதுகுத் திமிங்கிலங்களின் வால்கள். மூழ்கும்போது வாலை மேலே தூக்கும். அதன் அடிப்பக்கத்து வெள்ளைத் திட்டுகளும் தழும்புகளும் கைரேகைபோல ஒன்றுக்கொன்று வேறு. வாலை வைத்து ஒவ்வொரு திமிங்கிலத்தையும் அடையாளம் காண்பது, இந்தக் கல்லூரியின் தொடக்க கால ஆசிரியர் ஸ்டீவன் கட்டோனாவும் சகாக்களும் 1970-களில் தொடங்கிய வேலை. "இந்த இரண்டும் ஒரே ஆள்தானா, சொல்லுங்கள்" என்று இரண்டு படங்களை என் பக்கம் தள்ளினாள். ஓரத்துப் பல் போன்ற வெட்டுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் தலையாட்டினேன். ஒரே ஆள்தான்.

இப்படித்தான் 1999-இல் பிரேசில் கடலில் படமெடுத்த ஒரு பெண் திமிங்கிலமும், 2001-இல் மடகாஸ்கர் அருகே சுற்றுலாப் பயணி ஒருவர் எடுத்த படத்தில் இருந்ததும் ஒன்றே என்று தெரியவந்தது. இரண்டு இடங்களுக்கும் இடையே குறைந்தது 9,800 கிலோமீட்டர்! 2010-இல் அதை வெளியிட்ட பீட்டர் ஸ்டீவிக் இந்தக் கல்லூரியைச் சேர்ந்தவர்.

படங்களைக் காட்டிய மாணவி வால்களோடு மட்பாண்டமும் மீன்பிடிச் சட்டமும் படிக்கிறாள். வேண்டிய பாடம் பட்டியலில் இல்லையென்றால் தானே வகுத்துக்கொள்ளலாம். நாலைந்து பேர் சேர்ந்தும் வகுக்கலாம். ஒரு பருவம் முழுவதையுமே ஒரே வேலைக்கு ஒதுக்கலாம். ஆனால் என்ன படிப்பேன், எந்தப் புத்தகங்கள், யார் மேற்பார்வை, எதை வைத்து மதிப்பிடுவது என்று எழுதிக் கொடுத்து, ஆசிரியரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். பாடத்திட்டத்தைத் திட்டிப் பழகியவன் நான். அதை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தால் இரண்டாம் வரியிலேயே திணறியிருப்பேன். தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாத பதினெட்டு வயதுக்கு இந்தச் சுதந்திரம் கொஞ்சம் கொடுமைதான் என்று இன்னமும் நினைக்கிறேன்.

மாணவர், ஆசிரியர், ஊழியர் எல்லோரும் கூடிப் பேசும் அனைத்துக் கல்லூரிக் கூட்டமும் உண்டு. நான் பார்த்த கூட்டத்தில் முதலாண்டுப் பையன் ஒருவன் எழுந்து பேராசிரியரை மறுத்துப் பேசினான், அவரும் குறிப்பெடுத்துக்கொண்டார். யாரும் இதைப் பெரிதாக நினைத்ததாகத் தெரியவில்லை.

எல்லாருக்கும் கட்டாயமானவற்றில் முக்கியமானவை மூன்று. வெளியே போய் ஒரு பயிற்சிப் பணி, இறுதியாண்டில் ஒரு பருவம் நீளும் சொந்தத் திட்டம், மனிதச் சூழலியல் என்றால் தனக்கு என்ன என்று ஒரு கட்டுரை. மூன்றில் எது கடினம் என்று கேட்டேன். மாணவி யோசிக்கவே இல்லை: "கட்டுரைதான். மூன்று தடவை கிழித்துவிட்டேன். திமிங்கிலத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்."