‘ஜிபே இல்லையாம்மா?’ - சென்னையில் ஒரு யாழ்ப்பாணத்து ரீச்சர்

பலாலியில் விமானம் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் சென்னை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போகிற நேரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. பேசுகிற மொழி ஒன்று, கும்பிடுகிற சாமி ஒன்று, பார்க்கிற சீரியல்கூட ஒன்றுதான். அதனால் யாழ்ப்பாணத்துக்காரர்கள் பலருக்கும் சென்னையை ‘வெளிநாடு’ என்று சொல்ல வாய் வராது.

அந்த ரீச்சருக்கும் அப்படித்தான். (டீச்சர் என்பதை அங்கே ‘ரீச்சர்’ என்று எழுதுவார்கள். அவரை அப்படியே விட்டுவிடலாம்.) கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய். 30 நாள் கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம். பொங்கல் கழிந்த வாரம் இருவரும் வந்து, வளசரவாக்கத்தில் ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்குத் தங்கினார்கள். இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிற பகுதி என்பதால், இறங்கிய முதல் நாள் ஊரில் இருப்பது போலத்தான் இருந்தது. நீ வெளிநாட்டுக்காரி என்று அவருக்கு நினைவுபடுத்தியது மறுநாள் காலை வாங்கிய ஒரு பால் பாக்கெட்.

500 ரூபாய்த் தாளை நீட்டினார். “சில்லறை இல்லம்மா, ஜிபே பண்ணிடுங்க” என்றார் கடைக்காரர்.

“என்னட்ட அது இல்லைத் தம்பி.”

“போன் இருக்கே கையில?”

போன் இருந்தது, நல்ல போன்தான். டொரன்டோவில் இருக்கும் மகள் வாங்கிக் கொடுத்தது. ஆனால் அந்தக் கடையில் மாட்டியிருந்த கறுப்புக் கட்டங்களைப் பொறுத்தவரை அது வெறும் கேமரா. பின்னால் நின்ற ஒரு கல்லூரிப் பையன், “நான் போட்டுடறேன் ஆன்ட்டி” என்று ஸ்கேன் செய்துவிட்டுப் போனான். காசு வாங்க மறுத்துவிட்டான். ரீச்சருக்கு நெகிழ்ச்சியாக இருந்தது, கூடவே கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. முதல் வாரத்தில் மட்டும் இப்படி ஏழு தடவை யாரோ ஒருவர் அவருக்காகப் பணம் போட்டார்கள். எண்ணிவைத்திருந்தார். கையில் காசை வைத்துக்கொண்டு கேட்டு நிற்பது, 31 வருடம் வகுப்பறையில் நின்றவருக்குச் சுலபமான விஷயம் இல்லை.

இங்கே இருப்பவர்களுக்கு யூபிஐ எவ்வளவு பழகிவிட்டது என்பதை வெளியூரிலிருந்து ஒருவர் வந்து நிற்கும்போதுதான் பார்க்க முடிகிறது. 2016 ஏப்ரலில் தொடங்கிய சேவை அது. அந்த நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தது, அதன்பின் கொரோனா வந்தது, கீரைக்கார அம்மா வரைக்கும் க்யூஆர் அட்டை வந்துவிட்டது. 2025 ஆகஸ்ட்டில் ஒரே மாதத்தில் நடந்த பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின. இதில் சில்லறை என்கிற பொருளே கல்லாப்பெட்டியிலிருந்து மெல்ல மறைந்துவிட்டது. ரொக்கம் செல்லாது என்று யாரும் சொல்வதில்லை. வாங்கி, மீதி கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஏடிஎம்மில் 500 ரூபாய்த் தாள்களாக எடுத்து வருகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ரீச்சரிடம் இன்னொரு சங்கடமும் இருந்தது. முன்பு ஒருமுறை சிதம்பரம் வந்து திரும்பியபோது மிஞ்சிய இரண்டு 2,000 ரூபாய்த் தாள்களை, அடுத்த பயணத்துக்கு ஆகும் என்று பத்திரமாக வைத்திருந்தார். அவை 2023 மே மாதமே புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டவை என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. மாற்ற வேண்டும் என்றால் ரிசர்வ் வங்கி அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். கதிர்வீச்சுக்கும் கஞ்சிக்கும் நடுவே அதற்கு ஏது நேரம்?

வீட்டுக்கார அம்மாவின் மகன் பாஸ்போர்ட், விசா நகல்களோடு கூட வந்து ஒரு சிம் வாங்கிக் கொடுத்தான். சிம் வந்துவிட்டால் ஜிபே வந்துவிடும் என்று ரீச்சர் நம்பினார். வரவில்லை. யூபிஐக்கு அடிப்படை, இந்திய வங்கி ஒன்றில் கணக்கு. அந்தக் கணக்கில் பதிவான எண்ணின் சிம் அதே போனில் இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போய்த்தான் போனும் கணக்கும் கோக்கப்படுகின்றன. ஆறு வாரம் தங்க வந்தவருக்குக் கணக்கு ஏது?

“நான் இங்கயிருந்து போட்டு விடுறன் அம்மா” என்று டொரன்டோவிலிருந்து மகள் துடித்தாள். கனடா எண்ணிலும் யூபிஐ வைத்துக்கொள்ளலாம் என்று எங்கோ படித்திருந்தாள். படித்தது சரிதான். கனடா, சிங்கப்பூர், அமீரகம் உள்ளிட்ட சில நாடுகளின் எண்களுக்கு அந்த வசதி உண்டு. ஆனால் அது இங்கே என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு வைத்திருப்பவர்களுக்கு. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடியக் குடியுரிமை வாங்கியவளுக்கு இந்தியாவில் எந்தக் கணக்கும் இல்லை.

மருத்துவமனைக் கட்டணத்தில் பெரிய சிக்கல் வரவில்லை. இலங்கை வங்கி அட்டை முதல் தடவை மறுக்கப்பட்டது, ஊருக்கு போன் செய்து வெளிநாட்டு உச்சவரம்பை உயர்த்தச் சொன்னதும் வேலை செய்தது. ஓடிபி அந்த ஊர் எண்ணுக்குத்தான் வரும் என்பதால் பழைய சிம்மை ரோமிங்கில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவே. லட்சக்கணக்கான ரூபாயைக் கட்ட முடிந்தது. 40 ரூபாய்க்குத்தான் திண்டாட்டம்.

இரண்டாம் வாரத்தில் ஒரு ‘உதவி’ தேடி வந்தது. மருத்துவமனை வாசலில் வெளியூர் நோயாளிகளுக்கு அறை, ஆட்டோ, மொழிபெயர்ப்பு எல்லாம் ஏற்பாடு செய்து தருகிற ஆள் ஒருவர். “இருபதாயிரம் குடுங்கம்மா. எங்க மாமா பேர்ல ஒரு சிம், அக்கவுன்ட் எல்லாம் ரெடியா இருக்கு. உங்க போன்ல போட்டு, பின் நம்பரும் வச்சுத் தந்துடறேன். எனக்கு ஆயிரம் போதும்” என்றார்.

ரீச்சர் தயங்கினார். கணவர் தயங்கவில்லை. அவருக்கு அப்போது பேச்சு கிசுகிசுப்பாகிவிட்டிருந்தது. “குடும், தொல்லை முடியட்டும். நீர் ஒவ்வொரு கடையிலயும் நிண்டு கெஞ்சுறதை என்னால பாக்க ஏலாது” என்றார். மனைவியின் அலைச்சலுக்குத் தானே காரணம் என்ற எண்ணம் அவரைத் தின்றுகொண்டிருந்தது. அன்று இரவு மாடி அறையில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். வலிக்கிற தொண்டையோடு சண்டை போடுகிற மனிதரிடம் எப்படி எதிர்த்துப் பேசுவது? ரீச்சர் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கார அம்மாவின் மகன்தான் விவரம் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தான். “ஆன்ட்டி, வேற ஒருத்தர் அக்கவுன்ட்ல நீங்க போடற பணம், சட்டப்படி அவர் பணம். பின் நம்பரும் அவங்களுக்குத் தெரியும். அந்த அக்கவுன்ட்ல ஏற்கெனவே ஏதாவது மோசடிப் பணம் வந்திருந்தா, ஒருநாள் போலீஸ் முடக்கிடும். உங்க இருபதாயிரத்தை யார்கிட்ட போய்க் கேப்பீங்க? விசால வந்தவங்க வேற...” என்றான்.

அவன் சொன்னதில் மிகை இல்லை. அடுத்தவர் பெயரிலுள்ள கணக்கை வாடகைக்கு எடுத்துப் பணம் சுற்றுவதுதான் இணைய மோசடிக்காரர்களின் வழக்கமான வழி. அந்த ஆள் நல்லவராகவே இருந்திருக்கலாம். ஆனால் மகள் இரவுப் பணி பார்த்து அனுப்பிய பணத்தை, ‘இருந்திருக்கலாம்’ என்பதை நம்பி ஒப்படைக்க முடியாது. ரீச்சர் மறுநாள் அவரிடம், “வேண்டாம் தம்பி, குறை நினைக்காதேங்கோ” என்று சொல்லிவிட்டார். கணவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் வாரம், நள்ளிரவு தாண்டிக் கணவருக்குக் காய்ச்சல். டாக்டர் போனில் சொன்ன மருந்துகளை எழுதிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் மருந்துக் கடைக்குத் தனியாக ஓடினார். பில் 862 ரூபாய். இரண்டு 500 ரூபாய்த் தாள்கள் கொடுத்தார். கடையிலிருந்த இளைஞர் கல்லாவைத் திறந்து காட்டினார், மீதி கொடுக்க உண்மையிலேயே எதுவும் இல்லை. “காலைல வந்து 138 ரூபாய் வாங்கிக்கோங்கம்மா” என்றார். காலையில் போனபோது வேறு ஆள். “எழுதி வைக்கலையேம்மா” என்று கையை விரித்தார். 138 ரூபாய் போனது பெரிய விஷயமில்லை. பொய் சொல்கிறவரைப் பார்ப்பது போல அவர் பார்த்ததுதான் ரீச்சருக்கு ஆறவில்லை.

அன்று மாலை மகளும், வீட்டுக்கார அம்மாவின் மகனும் டொரன்டோவுக்கும் வளசரவாக்கத்துக்குமாக வாட்ஸ்அப்பில் தேடிக் கண்டுபிடித்தார்கள்: ‘யூபிஐ ஒன் வேர்ல்டு’. 2023-ல் ஜி20 மாநாட்டை ஒட்டி, வெளிநாட்டுப் பயணிகளுக்காகக் கொண்டுவரப்பட்ட ஏற்பாடு. முதலில் ஜி20 நாட்டவருக்கு மட்டும் இருந்தது, அடுத்த ஆண்டு எல்லா நாட்டவருக்கும் விரிந்தது. இந்திய வங்கிக் கணக்கு தேவையில்லை. முன்கூட்டியே பணம் நிரப்பிக்கொள்கிற ஒரு வாலட், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டையும் விசாவையும் நேரில் சரிபார்ப்பார்கள். வெளிநாட்டுப் பணமாகவோ அட்டை மூலமோ நிரப்பலாம். செலவாகாத மிச்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இப்படி ஒன்று இருப்பது விமான நிலையத்தில் கண்ணில் படுகிற மாதிரி தமிழில் எழுதி வைத்திருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

அந்நியச் செலாவணி மாற்றித் தருகிற நிறுவனம் ஒன்றில் உட்கார்ந்து, செயலியை இறக்கி, புகைப்படம் எடுத்து, கையெழுத்துப் போட்டு முடிக்க ஒரு மதியம் ஆனது. மகள் கொடுத்துவிட்டிருந்த டாலர்களில் ஒரு பகுதியை அதில் ஏற்றினார்கள். முழுவதையும் போட ரீச்சர் சம்மதிக்கவில்லை. பின் நம்பர் போடும்போது உதவிக்கு வந்த பையனையே, “அங்கால திரும்பும் தம்பி” என்றார். அவன் சிரித்துக்கொண்டே திரும்பி நின்றான்.

முதலில் போனது அதே மருந்துக் கடைக்கு. இருமலுக்கு ஒரு பாட்டில் வாங்கி, ஸ்கேன் செய்து, நடுங்குகிற விரலால் பின் அடித்தார். கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த பெட்டி தொகையைச் சொல்லி, ‘பெறப்பட்டது’ என்று தமிழிலேயே அறிவித்தது. ரீச்சர் அதை இன்னொரு முறை சொல்லாதா என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லா இடத்திலும் அது சொல்லவில்லை. இந்த வாலட்டிலிருந்து வணிகர் கணக்குக்குத்தான் பணம் போகும், தனிநபருக்குப் போகாது. மாடி வாடகையை வீட்டுக்கார அம்மாவுக்கு இதில் அனுப்ப முடியாது. பெட்டிக்கடை, தள்ளுவண்டி என்று பலர் தங்கள் சொந்தக் கணக்கின் க்யூஆரையே ஒட்டிவைத்திருப்பார்கள். அங்கேயும் நடக்காது. கணவரால் விழுங்க முடிந்ததே இளநீரும் மோரும்தான் என்றிருந்த நாள்களில், தெருமுனை இளநீர்க்காரரின் அட்டையில் ஒவ்வொரு முறையும் தோல்வி என்று வந்தது. அவர் ஒரே வரியில் முடித்தார்: “அந்த ஐந்நூறை என்கிட்ட குடுத்துடுங்கம்மா, தினம் கழிச்சுக்கறேன்.” வண்டியின் பலகையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு ‘யாழ்ப்பாணம்’ என்று எழுதிக்கொண்டார். தினமும் ஒரு கோடு. ஒரு நாளும் கணக்குத் தப்பவில்லை.

முப்பதாவது கதிர்வீச்சு முடிந்த அன்று கணவர் தானே போனை வாங்கி, மருத்துவமனை கேன்டீனில் இரண்டு காபிக்கு ஸ்கேன் செய்தார். தன்னுடையதில் பாதியைத்தான் குடிக்க முடிந்தது. “இஞ்ச பாரும், எனக்கும் வருது” என்றார் மனைவியிடம். இருபதாயிரம் பற்றி இருவரும் அதன்பின் பேசவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள், வாலட்டில் மிச்சமிருந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்கார அம்மாவின் மகன், ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னான். “அங்க நான் உங்கள மாதிரி அலையணுமா ஆன்ட்டி?” என்று கேட்டான். வேண்டியதில்லை. 2024 பிப்ரவரி 12 முதல் இந்திய யூபிஐ இலங்கையிலும் செல்லும். லங்கா க்யூஆர் ஒட்டியிருக்கும் கடைகளில், கையிலிருக்கும் அதே போனை எடுத்து அவன் ஸ்கேன் செய்துவிடலாம். இங்கிருந்து அங்கே போகிறவருக்குத் திறந்திருக்கிற கதவு, அங்கிருந்து இங்கே வருகிறவருக்குப் பாஸ்போர்ட்டோடு கவுன்டரில் உட்கார்ந்தால்தான் திறக்கிறது.

“உமக்குப் பிரச்சினை இல்லை, எங்கட கடையள்ல உம்மட போன் வேலை செய்யுமாம்” என்றார் ரீச்சர், சூட்கேஸை அழுத்தி மூடிக்கொண்டே. “எண்டாலும் கொஞ்சம் சில்லறைக் காசு கொண்டு வாரும் தம்பி. கோயில் வீதியில கச்சான் விக்கிற ஆச்சியிட்ட அந்தப் பெட்டி இல்லை.”