மூன்றாவது கம்பிரசர்

கொலன்னாவைப் பெற்றோலியக் களஞ்சியத்துக்குப் பவுசர்கள் போய்வரும் வீதியிலிருந்து சற்று உள்ளே, தகரக் கூரை போட்ட ஒரு கராஜ். வாகன ஏசி வேலை மட்டும்தான் அங்கே நடக்கிறது. ஓரத்து வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளைக் கொரோலா ஒன்று பொனட் திறந்து நிற்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஹயர்காரர் பொலித்தீன் பை ஒன்றை மேசையில் வைக்கிறார். உள்ளே இறுகிப்போன பழைய கம்பிரசர்.

"இது ரெண்டாவது, பாஸ். இப்ப கார்ல இருக்கிறது மூணாவது. அதுவும் நேத்துலருந்து கரகரங்குது. ஏசி இல்லாம எயார்போட் ஹயர் ஒண்டும் எடுக்க ஏலாது."

பாஸுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அழுத்தமானியின் நீலக் குழாயையும் சிவப்புக் குழாயையும் பொருத்துகிறார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி."

சிவப்பு முள் 300 பி.எஸ்.ஐ.யைத் தாண்டி ஏறுகிறது. கொழும்பு வெயிலிலும் அது 250 அளவோடு நிற்க வேண்டும். பாஸ் தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் பீய்ச்சுகிறார். முள் இறங்குகிறது. தண்ணீரை நிறுத்துகிறார். மறுபடியும் ஏறுகிறது. இப்போது குனிந்து ஃபேனைப் பார்க்கிறார். சுற்றுகிறது, ஆனால் சோம்பலாக. மோட்டருக்கு நேரே பெட்டரியிலிருந்து வயர் கொடுத்தும் வேகம் கூடவில்லை.

"முன்னுக்கு மாத்தின ஆக்கள் ஃபேனைப் பாத்தாங்களா?"

"இல்ல பாஸ். கம்பிரசர் போயிட்டு எண்டாங்க. மாத்தினேன்."

"கண்டென்சர்? டிரையர்?"

"ஒண்டையும் தொடல்ல."

கார் ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரின் சூட்டைக் கொண்டுபோய்விடும். காலி வீதி நெரிசலில், பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் ஊர்ந்து போகும்போது ஃபேன் மட்டுமே துணை. அது தளர்ந்தால் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளியே கம்பிரசர் தேயும்.

பாஸ் காஸைக் காற்றில் விடவில்லை, சிலிண்டருக்குள் இழுத்துக்கொள்கிறார். அது ஆர்-134ஏ, கரியமில வாயுவைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். பிறகு பைப்பைக் கழற்றி, வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்து நீட்டுகிறார். சாம்பல் நிற ஒயில். அதில் வெள்ளித் தூள் மினுங்குகிறது.

"இது மொத கம்பிரசர் தேஞ்ச தூள். ரெண்டாவதையும் இதுதான் திண்டது. புழு வச்ச டின்ல புது அரிசியக் கொட்டினா என்ன நடக்கும்?"

ஹயர்காரர் துணியை வாங்கி விரலால் தேய்த்துப் பார்க்கிறார். முகம் வாடுகிறது.

"அப்ப நாலாவதும் வாங்கணுமா?"

"அது கடைசிக்கு. மொதல்ல ஃபேன் மோட்டர். பிறகு கண்டென்சர். அதுட ஓட்டையெல்லாம் மயிர் அளவு, கழுவினாலும் தூள் போகாது. டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வ் ரெண்டும் புதுசு. பைப் எல்லாம் கழுவணும். ஒயில் அளந்து ஊத்தணும். அரை மணித்தியாலத்துக்குக் குறையாம வேக்கியூம் போடணும். உள்ளுக்கு ஈரம் இருந்தா ஒயில் கெட்டு அசிட் ஆகிடும். காஸை நிறுத்துத்தான் அடிக்கணும். பொனட்டுக்கு அடியில எத்தனை கிராம் எண்டு எழுதியிருக்கு."

"ரெண்டு தரமாக் காசு தந்தாப் பரவாயில்லையா?"

பாஸ் தலையசைக்கிறார். ஸ்பானரைக் கையில் எடுக்கிறார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். நடுவில் பழைய கார்களையே ஓட்டிப் பிழைத்தார்கள் இந்த ஊரின் ஹயர்காரர்கள். அந்தக் கார்களுக்கென்று பஞ்சிகாவத்தைக் கடைகளில் வாங்கிய பழைய கம்பிரசருக்குள் எவ்வளவு ஒயில் மிச்சம், அது எந்தக் காரில் என்ன பாடு பட்டது என்று யாருக்கும் தெரியாது. இப்படி வாங்கிப் போட்டு, ஒரு மாத உழைப்பை ஒரே நாளில் இழந்தவர்கள் பலர். அவர்களிடம் காசு வாங்கிய கராஜுகளில் யாராவது ஃபேனைக் குனிந்து பார்த்திருந்தால், பைப்பைத் துணியால் துடைத்திருந்தால், அந்தக் காசு பிள்ளைகளின் கையில் இருந்திருக்கும்.

உங்கள் காரிலும் கம்பிரசர் திரும்பத் திரும்பப் போகிறதா? அடுத்ததை வாங்க முன்னர், பழையது ஏன் செத்தது என்று கேளுங்கள். மானியின் முள் எங்கே நிற்கிறது, ஃபேன் என்ன வேகத்தில் சுற்றுகிறது, பைப்புக்குள் தூள் இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். காரணத்தைக் காட்டாமல் பாகத்தை மாற்றச் சொல்பவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.