ஒரு சொல்லும் ஒரு மூலைமட்டமும்

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளியில் தமிழ்வழியில் பயின்றவன். முதலாம் ஆண்டில் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர், "நார்மல் கரைசல் என்றால் என்ன?" என்று கேட்டார். "சாதாரணக் கரைசல், ஐயா" என்றேன். வகுப்பே சிரித்தது. ஒரு லிட்டர் கரைசலில் ஒரு கிராம் சமான எடை கரைந்திருந்தால்தான் அது நார்மல். சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் 40 கிராம்.

பிற்பகல் கணித வகுப்பில் நார்மல் என்பது தொடுகோட்டுக்குச் செங்குத்தாக நிற்கும் கோடு! அக்காவின் பிரசவத்தன்று செவிலியர் "நார்மல்" என்றபோதோ அம்மா கைகூப்பினார். ஒரே சொல்லுக்கு எத்தனை வேடம்!

அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். 'நார்மா' என்ற இலத்தீன் சொல்லே இதற்கு மூலம். அதன் பொருள் தச்சரின் மூலைமட்டம்! 90 பாகை பார்க்கும் கருவி. செங்குத்து என்ற பொருளே முந்தியது. வழக்கமானது என்ற பொருள் பிந்தி வந்தது.

என் தந்தையார் தச்சர். சேர்க்கை விண்ணப்பத்தில் அதை எழுதக் கூசி, 'சுயதொழில்' என்று எழுதியவன் நான்.

அன்று மாலை அவருடைய மூலைமட்டத்தைக் கையில் எடுத்து, செய்தியைச் சொன்னேன். மரத்தூளைத் தட்டிக்கொண்டே கேட்டவர், "கீழ போட்டுடாத தம்பி, மூலை பிசகிடும்" என்றார்.

இவ்வாண்டு உதவித்தொகைப் படிவத்தில் 'தச்சு வேலை' என்றே எழுதினேன்.