வெந்நீர் என்றால் கரம் பாணி

புனேயில் வங்கி உத்தியோகம். நவம்பர் வந்தால் போதும், பென்ஷன்காரர்களின் லைஃப் சர்டிபிகேட் வேலை எங்கள் கழுத்தைப் பிடிக்கும். கிளைக்கு வர முடியாதவர்களைத் தேடி நாங்களே போவோம். ஊருக்கு வெளியே உள்ள ஒரு முதியோர் இல்லம் அப்படித்தான் பழக்கமானது.

2014-ல் ஜீவன் பிரமாண் வந்த புதிதில் விரல் ரேகை தேய்ந்தவர்களோடு ஒரே போராட்டம். 2021-லிருந்து முகத்தைக் காட்டினால் போதும். ஆயா தாடையைப் பிடித்து நிமிர்த்துவார், நான் போனை நீட்டுவேன்.

சினிமாவில் காட்டுவது போல அங்கே எல்லோரும் பிள்ளைகள் விரட்டிவிட்டவர்கள் இல்லீங்க. மனைவிக்கு டிமென்ஷியா, தனியாகத் தூக்கிக் குளிப்பாட்ட முடியவில்லை என்று கூடவே வந்து சேர்ந்த மராட்டியப் பெரியவர் ஒருவர் இருக்கிறார்.

நம்ம ஊர்ப் பாட்டி ஒருவரும் உண்டு. நாற்பது வருஷம் இங்கேதான் குடித்தனம், மார்க்கெட்டில் மராத்தியில் பேரம் பேசியவர். இந்த நோயில் பலருக்குப் பின்னால் கற்ற மொழி முன்னால் போய்விடும். இப்போது தமிழ் மட்டும்தான். "வெந்நி, வெந்நி" என்று கேட்கிறார், ஆயாவுக்குப் புரியவில்லை. பாட்டி கத்த, "முரண்டு பிடிக்கிறார்" என்று நோட்டில் எழுதியிருந்தார்கள்!

வலிக்குது, குளிருது, ஒண்ணுக்கு, வெந்நி என்று இருபது வார்த்தைகளைத் தேவநாகரியில் எழுதி, பக்கத்திலேயே அர்த்தமும் போட்டுக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினேன். இப்போது ஆயாவே "காய் பாட்டி, வெந்நி?" என்று கேட்கிறார்.

பெற்றோரை இங்கே அழைத்துவர நினைப்பவர்கள், ஏன், நாற்பதைத் தாண்டிய நாமும்தான், இல்லம் பார்க்கப் போனால் தோட்டத்தையும் டிவியையும் பார்த்து மயங்க வேண்டாம். படுக்கையில் விழுந்தால் வைத்துக்கொள்வீர்களா, ராத்திரி எத்தனை பேருக்கு ஒரு ஆயா, அவருக்கு என்ன மொழி தெரியும் என்று கேளுங்கள். நடமாடுகிறவர்களை மட்டும் சேர்க்கும் இல்லங்கள் நிறைய.

வங்கிக்காரன் என்பதால் இன்னொன்று. நினைவு தெளிவாக இருந்து கை மட்டும் வராதவர்கள், இரண்டு சாட்சிகள் முன் கைரேகையோ கால்விரல் ரேகையோ வைத்துப் பணம் எடுக்கலாம். சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரி. ரிசர்வ் வங்கி விதி இது. ஆனால் நினைவே போய்விட்டால், அப்பா எழுதிக்கொடுத்த பவர் பத்திரம் செல்லாது. 1872 ஒப்பந்தச் சட்டம் அப்படி. அப்புறம் கோர்ட்டுக்குத்தான் நடக்க வேண்டும். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது இந்தப் பேச்சை எடுத்துவிடுங்கள். அப்பா முறைப்பார், முறைக்கட்டும்.