முப்பத்திரண்டும் தவிட்டுத் தூசியும்

“ஒன்பது எம்.எம். ஒண்ணு வாங்கிடலாம் ஹவில்தாரே, காசு பத்திக் கவலையில்லை” என்றார், புதிதாக லைசென்ஸ் கிடைத்த அரிசி ஆலை முதலாளி ஒருவர். “காசு இருந்தாலும் கிடைக்காதுங்க முதலாளி. உங்க லைசென்ஸுக்கு முப்பத்திரண்டுதான்” என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. சின்ன ‘போர்’ என்றால் சின்னத் துப்பாக்கி, சின்னத் துப்பாக்கி என்றால் சின்ன மரியாதை என்ற நினைப்பு இங்கே பலருக்கும் உண்டு. அதை மாற்றத்தான் இதை எழுதுகிறேன்.

ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்தவன் நான். ஒன்பது எம்.எம். பிஸ்டலைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவேன். ஓய்வு பெற்று ஊர் திரும்பியபின், மண்ணச்சநல்லூர் ஆலை ஒன்றின் வசூல் பணத்துக்குத் துணையாகத் துறையூர் சாலையில் போய்வருகிறேன். இடுப்பில் இருப்பது கான்பூரில் செய்த .32 ரிவால்வர்.

போர் என்பது குழலின் உள்விட்டம். .32 என்றால் அங்குலத்தில் நூற்றில் 32 பங்கு, ஏறக்குறைய 8 மி.மீ. எந்த போர் சாமானியர் கைக்கு வரலாம் என்பதைத் துப்பாக்கியின் பலம் தீர்மானிக்கவில்லை. படையும் போலீசும் எந்தத் தோட்டாவைப் பயன்படுத்துகின்றன என்பதே தீர்மானித்தது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் 1962இல் வகுத்த பட்டியலைப் பாருங்கள். .303, 7.62, .380, .455, சர்வீஸ் 9 எம்.எம். தோட்டாக்களைச் சுடக்கூடியவை தடைசெய்யப்பட்ட போர். அரசுக் கிடங்கிலிருந்து ஒரு பெட்டி தோட்டா களவு போனாலும் அது வெளியார் துப்பாக்கியில் நுழையக் கூடாது என்பதுதான் கணக்கு. வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு இது. நூறு வருஷத்துக்கு முன்பு இதே காரணத்துக்காக .450 வேட்டைத் தோட்டாவை இந்தியாவில் தடுத்தார்கள். லண்டன் துப்பாக்கிக்காரர்கள் .470, .465 என்று புது அளவுகளைச் செய்து இங்கே அனுப்பினார்கள்.

நமக்கு இதில் ஓர் உறுத்தல் உண்டு. 1966 முதல் நம் திருச்சியிலேயே துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. திருச்சி அசால்ட் ரைபிள் அங்கேதான் பிறந்தது. அதன் போர் 7.62 என்பதால் நம் ஊர்க்காரர் யாரும் அதைச் சொந்தமாக வைத்திருக்க முடியாது. கைத்துப்பாக்கிக்குக் கான்பூரையோ, வங்காளத்து இஷாபூரையோ, இப்போது உத்தரப்பிரதேசத்தில் செய்யும் வெப்லியையோதான் பார்க்க வேண்டும். தடைசெய்த போரை உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 7 வருஷம் சிறை. ‘யாரோ தருகிறார்கள்’ என்று எவராவது சொன்னால் அந்தத் திசையிலேயே தலைவைத்துப் படுக்காதீர்கள்.

முப்பத்திரண்டிலேயே இரண்டு ஜாதி உண்டு. லைசென்ஸில் இரண்டுக்கும் .32 என்றே எழுதியிருந்தாலும் ரிவால்வர் தோட்டா வேறு, பிஸ்டல் தோட்டா வேறு. ரிவால்வருக்குள்ளது நீளமானது, அடியில் விளிம்பு உள்ளது. பிஸ்டலுக்குள்ளது குட்டை. பெல்ஜியத்தில் பிரௌனிங் 1899இல் கொண்டுவந்த 7.65 மி.மீ. அதுதான். கடையில் ‘முப்பத்திரண்டு கொடுங்க’ என்று மட்டும் கேட்காதீர்கள். துப்பாக்கியின் பெயரைச் சொல்லி, பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

பலம் போதுமா என்று கேட்பார்கள். ஒன்பது எம்.எம்.மின் விசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரிவால்வர் தோட்டாவுக்கு. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உதைப்பு மிகக் குறைவு. ஐம்பத்தைந்து வயது முதலாளியின் மணிக்கட்டு அதைத் தாங்கும். முதல் குண்டுக்குப் பிறகும் குழல் இலக்கை விட்டு எகிறாது. உலகப் போட்டிகளில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் சுடுகிறவர்கள் பலர் இதே நீள .32ஐத்தான் விரும்பி எடுக்கிறார்கள். துல்லியம் வேண்டியவன் தேடுகிற தோட்டா இது. பட்டாளத்தில் பெரிய பிஸ்டலை வைத்துக்கொண்டு பத்தடியில் தவறவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் கையில் எது கடைசிவரை ஆடாமல் நிற்கிறதோ அதுவே எனக்குப் பெரிய போர்.

வெளியில் எடுத்துப்போகும் முறையையும் சட்டமே சொல்கிறது. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும், முழுதாக மூடியிருக்க வேண்டும், அது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். காட்டி மிரட்டுவதும், கல்யாணத்திலோ ஊர்வலத்திலோ சுடுவதும் குற்றம். வேட்டி கட்டும் நமக்கு உறை எங்கே நிற்கும்? எங்கள் பக்கம் வியாபாரிகள் கட்டும் பச்சை பெல்ட்டில் உறையை மாட்டிப் பார்த்தேன், எடை ஒரு பக்கம் இழுத்தது. ரிவால்வர் முக்கால் கிலோவை ஒட்டி வரும். உள்ளே இன்னொரு தடித்த தோல் வாரைக் கட்டி, அதில் வலது இடுப்பெலும்புக்குப் பின்னால் உறையை வைத்து, சட்டையைத் தொளதொளவென்று விட்ட பிறகுதான் சரியானது. குனிந்து மூட்டையைத் தொட்டாலும் தெரியக் கூடாது. குதிரைக்கு நேரே வரும் அறையைக் காலியாகவே விட்டு எடுத்துப்போவேன். சமயபுரம் பூச்சொரிதலுக்கும் தேருக்கும், ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கும் போகும்போது அது வீட்டுப் பெட்டியில் பூட்டியிருக்கும். அந்த நெரிசலில் யாருடைய கை எங்கே படும் என்று யாரால் சொல்ல முடியும்?

இப்போது எங்கள் ஊருக்கே உரிய சங்கதி. ஆலையில் தவிட்டுத் தூசி காற்றிலேயே மிதக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பட்டாளத்துப் பழக்கத்தில் தாராளமாக எண்ணெய் விட்டு வைத்தேன். ஒரு சித்திரை மாதம் விசையை அழுத்திப் பார்த்தால் சேற்றில் கால் வைத்தது மாதிரி இருந்தது. எண்ணெயும் தவிடும் குழைந்து பசையாகி உள்ளே அப்பியிருந்தது. அன்றிலிருந்து ஞாயிறு இரவு திண்ணையில் செய்தித்தாள் விரித்து உட்காருவேன். தாழை அழுத்தினால் குழல் முன்பக்கம் மடியும். நட்சத்திரம் போன்ற தகடு எழும்பி, ஐந்து தோட்டாவையும் ஒன்றாகத் தூக்கித் தரும். எண்ணிப் பார்த்து அடுத்த அறையில் வைத்துவிட்டு வருவேன். பிறகு குழலுக்குள் வெள்ளைத் துணி. முதல் துணி பழுப்பாக வரும், மூன்றாவது வெள்ளையாகவே வரவேண்டும். எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். மே மாத வியர்வை தோல் உறைக்குள் ஊறிவிடும் என்பதால், இரவில் துப்பாக்கியை உறையில் வைத்துப் பூட்டுவதில்லை. அப்படி வைத்தவர்களின் தோட்டாப் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியதைப் பார்த்திருக்கிறேன்.

தோட்டாவுக்கும் வயது உண்டு. 1967 ஜனவரி 12இல் எம்.ஜி.ஆர். கழுத்தில் பாய்ந்த குண்டு உயிரை எடுக்காமல் போனதற்கு, அந்தத் தோட்டா பல வருஷம் இழுப்பறையில் கிடந்து வேகம் குறைந்திருந்ததே காரணம் என்று படித்திருக்கிறேன். அப்பா காலத்துத் தோட்டாவை வைத்துக்கொண்டு தைரியமாகத் திரிகிறவர்கள் நம் பக்கமும் இருக்கிறார்கள். பழையதைச் சுடுதளத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியதைக் கணக்கில் ஏற்றுங்கள். திருச்சி கே.கே.நகரிலேயே ரைபிள் கிளப் இருக்கிறது.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். திரும்பி வரும்போது எண்ணெய் காய்ந்திருக்கும். அன்று மட்டும் அவசரப்படாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் காலிதானா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, குழலை மடித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தாலும் துடைத்து முடிக்கும்வரை இடுப்பில் ஏற்றாதீர்கள்.